மட்டாஞ்சேரிக் கட்டடப் பெயர்கள்: வரலாறும் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

கொச்சியின் பழைய வாணிபப் பகுதியான மட்டாஞ்சேரியில் அரசரின் அரண்மனையும், அதனைச் சார்ந்த கோயிலும், யூதரின் தொழுகைக் கூடமும் ஒன்றையொன்று அடுத்து நிற்கின்றன. பல சமயத்தாரும் பல மொழியினரும் கூடி வாழ்ந்த துறைமுக வாழ்வுக்கு இவை சான்றாக உள்ளன. இக்கட்டடங்களுக்கு வழங்கும் பெயர்களும் சான்றுகளே. எனினும், ஒரு கட்டடத்தின் பெயர் அதனைக் கட்டியவரைக் குறிக்க வேண்டும் என்னும் நியதி இல்லை. பெயரிட்டவரின் நோக்கே பெயரில் பதிந்திருக்கும். மொழிபெயர்ப்பாளர் இதனை உணராவிடின் ஒருசாராரின் கூற்று வரலாறாகிவிடும். இவ்வுண்மையை மட்டாஞ்சேரிப் பெயர்கள் வழி விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. டச்சு அரண்மனை

மட்டாஞ்சேரி அரண்மனை 'டச்சு அரண்மனை' எனப் பரவலாக வழங்கப்பெறுகிறது. ஆனால் இதனை ஏறத்தாழ 1555இல் கட்டிக் கொச்சி அரசர் வீர கேரள வர்மருக்கு வழங்கியவர்கள் போர்ச்சுகீசியர். டச்சுக்காரர் 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய பின்னர் அதனைப் பழுதுபார்த்து விரிவாக்கினர். கட்டட அமைப்போ கேரளத்து நாலுகெட்டு ஆகும். நடுமுற்றத்தில் பழையன்னூர் பகவதி கோயில் உள்ளது; பள்ளியறைச் சுவர்களில் இராமாயண ஓவியங்கள் காணப்படுகின்றன. கட்டியவர் ஒருவர், வாழ்ந்தவர் வேறொருவர், பெயரில் நிலைத்தவர் பழுதுபார்த்த மூன்றாமவர். இங்குப் பெயர் பிழைபட்டபோதிலும் எவருடைய உரிமையும் பறிபோகவில்லை. அடுத்து வரும் பெயரின் நிலை அத்தகையதன்று.

3. பரதேசி

அரண்மனையை அடுத்துள்ள தொழுகைக் கூடம் 1568இல் கட்டப்பட்டது. 1662இல் போர்ச்சுகீசியரால் சேதமுற்றுப் பின் டச்சுக்காரர் காலத்தில் புதுப்பிக்கப்பட்டது. இதன் மணிக்கூண்டு 1760இல் டச்சு நிறுவனத்தின் வணிகரான எசக்கியேல் ரகாபியால் எழுப்பப்பட்டது. அதன் கடிகார முகங்களில் எபிரேய, ரோமானிய, மலையாள எண்கள் இடம்பெற்றுள்ளன.

இக்கூடத்தின் பெயர் 'பரதேசிப் பள்ளி'. ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளினின்று வெளியேற்றப்பட்டவர்களும் மேற்காசியாவிலிருந்து வந்தவர்களும் இச்சபையினர். இச்சொல்லில் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு இரு இடர்கள் உள்ளன. முதலாவது, 'பிறநாட்டார்' என்னும் பொருளினின்று தமிழ் வழக்கில் இச்சொல் நாடோடித் துறவியையும், பின்னர் இரப்போரையும் குறிக்கலாயிற்று. இரண்டாவது, 'பள்ளி' என்பதாகும். மலையாளத்தில் கிறித்தவர், முசுலிம், யூதர் ஆகிய மூவரின் வழிபாட்டிடத்தையும் இச்சொல் குறிக்கும். தமிழில் அது சமண, பௌத்தப் பள்ளியாகவும், பள்ளிவாசலாகவும், கல்விச்சாலையாகவும் பிரிந்தது. 'ஜெப ஆலயம்' என மாற்றுவோர் அறியாமலே விவிலியத் தமிழின் சாயலை ஏற்றிவிடுகின்றனர்.

இவற்றினும் பெரிய சிக்கல் ஐரோப்பியர் எழுத்துகளில் தோன்றியது. அவர்கள் பரதேசியரை 'வெள்ளை யூதர்' என்றும், முன்னரே மலபாரில் வாழ்ந்தவர்களைக் 'கறுப்பு யூதர்' என்றும் எழுதினர். வந்த இடம் பற்றிய பெயர் நிறம் பற்றிய பெயராயிற்று. பரதேசி சபையிலேயே விடுதலை பெற்ற அடிமைகளின் வழியினருக்கு முழு உரிமை மறுக்கப்பட்டிருந்தது. இம்மறுப்பை எதிர்த்து ஆ. பி. சேலம் (1882–1967) என்னும் வழக்கறிஞர் சத்தியாக்கிரக முறையில் போராடினார். எனவே 'வெள்ளை', 'கறுப்பு' என்னும் சொற்களை இயல்பான இனப்பெயர்களாக மொழிபெயர்ப்பது, ஒரு காலத்தின் ஏற்றத்தாழ்வை விளக்கமின்றி வழிமொழிவதாகும்.

4. கடவும்பாகமும் தெக்கும்பாகமும்

மலபாரி யூதரின் தொழுகைக் கூடங்கள் இதற்கு மாறான பெயர்முறை உடையவை. 'கடவும்பாகம்' என்பது கடவினை, அதாவது தோணித்துறையைச் சார்ந்த பகுதி. 'தெக்கும்பாகம்' என்பது தென்பகுதி. இவ்விரு பெயர்களும் எர்ணாகுளத்திலும் உள்ளன. ஆதலின் இவை வெறும் இடச்சுட்டாக மட்டும் நில்லாமல் சபைப் பெயர்களாகவும் வளர்ந்தன எனலாம். மண்ணோடு ஒட்டிய இப்பெயர்களை உடையோர் பெரும்பாலும் 1948க்குப் பின் இசுரேலில் குடியேறினர். மட்டாஞ்சேரிக் கடவும்பாகத்தின் உள்ளமைப்பு இன்று எருசலேமில் உள்ள இசுரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எஞ்சிய கட்டடத்தின் ஒரு பகுதி 2019இல் இடிந்து விழுந்தது. தெருவில் நிலைத்து நிற்பது பரதேசிப் பள்ளியே. எனவே கொச்சி யூதர் வரலாறு முழுவதும் அதன் பெயராலேயே அறியப்படும் நிலை உருவாயிற்று.

5. அஞ்சுவண்ணம்

இந்நிலையின் விளைவு யூதச் செப்பேட்டில் தெளிவாகத் தெரிகிறது. ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர அரசர் பாஸ்கர இரவிவர்மர் யோசேப்பு ரப்பானுக்கு வழங்கிய இச்செப்பேடு பரதேசிப் பள்ளியின் காப்பில் உள்ளது. ஆனால் செப்பேடு அக்கட்டடத்தினும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டது. அவ்வாறே 1344–45ஐச் சார்ந்த கொச்சங்காடித் தொழுகைக் கூடக் கல்வெட்டும் பரதேசிப் பள்ளியிலேயே பதிக்கப்பட்டுள்ளது. காப்போரையே பெற்றோராகக் கருதும் மயக்கத்துக்கு இது இடமளித்தது. செப்பேட்டு உரிமை இரு சாராருக்கும் தொன்மைச் சான்றாக விளங்கியதால், அது பூசலுக்கும் காரணமாயிற்று.

செப்பேடு வட்டெழுத்தில், கிரந்த எழுத்துகள் சில கலந்து எழுதப்பட்டது. இதன் மொழியைப் பழந்தமிழின் மேற்கு வழக்கு என்பாரும் பழைய மலையாளம் என்பாரும் உளர். இங்கும் பெயரிடுவோர் நோக்கே வேறுபடுகிறது. இதில் எழுபத்திரண்டு விடுபேறுகளுடன் 'அஞ்சுவண்ணம்' வழங்கப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டு அறிஞர் சிலர் இதனைச் சிற்றரசு எனக் கொண்டனர்; அதன்வழி ஒரு யூத அரசும் அரசரும் கற்பிக்கப்பட்டனர். 'ஐந்து வண்ணத்தார்' எனப் பிரித்துப் பொருள் கூறியோரும் உண்டு. ஆயின் கி.பி. 849ஐச் சார்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் இணைந்து வருகின்றன. தமிழகத்தில் தீர்த்தாண்டதானபுரக் கல்வெட்டிலும் இப்பெயர் காணப்படுகிறது. பல்சந்தமாலையோ முசுலிம் வணிகரை இப்பெயரால் சுட்டுகிறது. ஆகவே அஞ்சுவண்ணம் என்பது மேற்காசிய வணிகரின் குழு என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படும் கருத்தாகும். ஒரே சொல் யூதரையும் முசுலிம்களையும் தழுவி நின்றது என்பது, பிற்கால நிறப்பிரிவினைகளுக்கு முற்பட்ட வணிக உலகைக் காட்டுகிறது.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. 'டச்சு அரண்மனை' போன்ற வழக்குப் பெயர்களை அவ்வாறே தந்து, கட்டியோர் வரலாற்றைத் தனியே குறித்தல் வேண்டும். 'பரதேசி', 'அஞ்சுவண்ணம்' போன்ற சொற்களை ஒலிபெயர்த்து, காலந்தோறும் அவை பெற்ற பொருளை விளக்குதல் தகும். நிறப்பெயர்களை அவற்றை ஆண்டவரின் கூற்றாகவே தருதல் இன்றியமையாதது. கட்டடம் இடிந்தால் அது கண்ணுக்குப் புலனாகும். பெயர் வழியாக ஒரு மக்கட்குழுவினர் தம் வரலாற்றை இழப்பதோ எளிதில் புலனாவதில்லை. அதனைக் காட்டித் தருவது மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் ஆற்றவேண்டிய பணியாகும்.