பாலத்துக்கு அந்தப் பக்கம்

1986 மே மாதம் ஜப்பானில் 'டிராகன் குவெஸ்ட்' வெளிவந்தது. யூஜி ஹோரி வடிவமைத்த கேம். முதல் அரண்மனையை விட்டு வெளியே வந்த உடனேயே, தண்ணீருக்கு அந்தப் பக்கம் இன்னொரு கோட்டை தெரியும். கடைசி பொஸ் இருக்கிறது அங்கதான். பார்க்கக் கூப்பிடு தூரம். ஆனால் போய்ச் சேருறதுக்கு முழு உலகத்தையும் சுத்த வேணும்.

எந்தப் பக்கம் முதலில போறது எண்டு கேம் பெரிசாகச் சொல்லித் தராது. அதுக்குப் பதிலாக அங்கே பாலங்கள் இருந்தன. ஒரு பாலத்தைத் தாண்டினால் எதிரிகள் ஒரு படி பலமாகும். ரெண்டு அடியில விழுந்தால், இது இன்னும் எங்கட இடம் இல்லை எண்டு விளங்கிவிடும். விழுந்தவர் அரசன் முன்னால் திரும்ப எழும்புவார். கையில் இருந்த காசில் பாதி போயிருக்கும், சேர்த்த அனுபவப் புள்ளிகள் அப்படியே இருக்கும். தோற்றாலும் வளர்ந்தது வளர்ந்ததுதான்.

இது சின்ன விசயம் மாதிரித் தெரியும். ஆனால் ரோல் பிளேயிங் கேம்களின் பெரிய தலையிடி இதுக்குள்ளதான் இருக்கு. நேர்கோட்டில் போகிற கேமில், பத்தாவது பொஸ்ஸிடம் வரும்போது நீங்கள் கிட்டத்தட்ட எந்த லெவலில் இருப்பீர்கள் எண்டு வடிவமைப்பாளருக்குத் தெரியும். எங்கேயும் போகலாம் எண்டு விட்டால் தெரியாது. ஒரே பொஸ்ஸிடம் ஒருவர் 5ஆம் லெவலிலும் இன்னொருவர் 50ஆம் லெவலிலும் வந்து நிற்பார். முதல் ஆளுக்குக் குருவித் தலையில பனங்காய். ரெண்டாவது ஆளுக்குக் கொட்டாவி.

இந்தத் தலையிடிக்கு ரெண்டு மருந்து உண்டு. ரெண்டும் ஒரே மேசையில் பிறந்தவை. 1974இல் கேரி கைகக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' காகிதமும் பகடையும் வைத்து ஆடுகிற ஆட்டம். அதில் நிலவறை மாடி மாடியாகக் கீழே இறங்கும். இறங்க இறங்க ஆபத்தும் கூடும், புதையலும் கூடும். எவ்வளவு ஆழம் போறது எண்டது ஆடுபவரின் முடிவு. அதே மேசையில் ஆட்டத்தை நடத்துபவர் ஒருவரும் இருப்பார். ஆட்கள் திணறினால், ஒரு எதிரியைச் சத்தமில்லாமல் குறைத்துவிட அவரால் முடியும்.

கொம்பியூட்டருக்குள் மாடிகளைக் கொண்டுவருவது சுகம். டிராகன் குவெஸ்டின் பாலங்கள் அந்த மாடிகள்தான். நடத்துபவரைக் கொண்டுவருவதுதான் கஷ்டம். 1992இல் அகிதோஷி கவாசு 'ரொமான்சிங் சாகா'வில் அதை முயன்று பார்த்தார். எட்டு நாயகர்களில் ஒருவரைத் தெரிந்துகொண்டு விரும்பிய திசையில் போகலாம். எத்தனை சண்டை போட்டீர்கள் எண்டதை கேம் எண்ணும், அதுக்கேற்ப எதிரிகளும் வளரும். 1999இல் வந்த 'ஃபைனல் ஃபன்டசி 8' எதிரிகளின் லெவலை உங்கட அணியின் லெவலோடயே கட்டிவிட்டது. ஆடுபவர்கள் லேசுப்பட்டவர்களா? உண்மையான பலம் லெவலில் இல்லை, பாத்திரங்களோடு இணைக்கிற மந்திரங்களில்தான் இருக்கு எண்டு கண்டுபிடித்தார்கள். எதிரிகளைச் சீட்டுகளாக மாற்றினால் அனுபவப் புள்ளி ஏறாது. அப்படியே லெவல் ஏறாமல் ஓடி முடித்தார்கள். வளராமல் இருப்பதே புத்திசாலித்தனம் எண்டு ஒரு கேம் சொல்லித் தந்துவிட்டது!

இந்த வழியின் உச்சக்கட்டக் கூத்து 2006இல் வந்த 'ஒப்லிவியன்'. அழகான, பரந்த உலகம். ஆனால் நீங்கள் வளர வளர அதுவும் வளர்ந்தது. வழிமறித்து 100 காசு கேட்கிற கொள்ளைக்காரன், பிறகு நாட்டிலேயே விலை கூடிய கவசங்களில் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து நின்று அதே 100 காசைக் கேட்பான். கதைச்சும் பேரம் பேசியும் லெவல் ஏறினவருக்கு நிலைமை இன்னும் மோசம். அவருக்கு வாள் பிடிக்கத் தெரியாது, எதிரிகளோ தடித்துவிட்டார்கள். கடைசியில் ரசிகர்களே மொட் எழுதி எதிரிகளைத் திரும்ப அவரவர் இடத்தில் வைத்தார்கள். அதே நிறுவனம் 2011இல் 'ஸ்கைரிம்' செய்தபோது, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கீழ் எல்லையும் மேல் எல்லையும் வைத்தது.

இடையில் 2010இல் 'ஃபோல்அவுட்: நியூ வேகாஸ்' பாலத்துக்கே திரும்பிப் போனது. தொடக்க ஊருக்கு வடக்கே வேகாஸ் நகரம். நேர் வழியில் டெத்க்ளோ எண்ட கொடிய மிருகங்கள் நிற்கும். போகாதே எண்டு வழியில ஆட்களும் எச்சரிப்பார்கள். கதை உங்களைத் தெற்கால் சுத்தி அனுப்பும். துணிஞ்சவர் பதுங்கிப் பதுங்கி வடக்கால் போகலாம். அடுத்த வருசம் 'டார்க் சோல்ஸ்' தொடக்க இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மயானத்தை வைத்து, அதில் எலும்புக்கூடுகளை எழுப்பிவிட்டது. எத்தனையோ பேர் அதுதான் பாதை எண்டு நினைத்துச் செத்துச் செத்துத் திரும்பினார்கள்.

பாலத்திலும் குறை இருக்குத்தான். எல்லா மூலையையும் தேடி வளர்ந்துவிட்டு வருகிற பொறுமைசாலிக்கு, பெரிய பொஸ் நாலு அடியில் சரிந்துவிடும். கூடத் தேடினவருக்குக் கிடைக்கிற பரிசு ஒரு சப்பென்ற சண்டை.

அண்மைக் கால கேம்கள் இந்த ரெண்டுக்கும் நடுவில் வழி தேடுகின்றன. 2017இல் வந்த 'பிரெத் ஒஃப் த வைல்ட்', தொடக்க மேட்டுநிலத்தை விட்டு இறங்கியதும் நேரே கடைசி பொஸ்ஸிடம் போக விடும். நாலு தெய்வ மிருகங்களையும் முதலில் மீட்டால் அந்த பொஸ்ஸின் உயிரில் பாதி குறையும். 'எல்டன் ரிங்'கின் 2024 விரிவாக்கத்துக்குள் ஆட்கள் நூறுக்கு மேற்பட்ட லெவலோடு வருவார்கள். அங்கே அது மட்டும் போதாது. அந்த நிலத்துக்குள் அலைந்து ஸ்கடுட்ரீ துண்டுகளைப் பொறுக்கினால்தான் அங்கே பலம். பொறுக்காமல் பொஸ்களிடம் ஓடினவர்கள் கத்தினார்கள். ஒரு கிழமைக்குள் ஃப்ரொம்சொஃப்ட்வெயார் முதல் படிகளின் பலனைக் கூட்டிவிட்டது. ஆனால் நடந்து பொறுக்க வேணும் எண்ட விதியை எடுக்கவில்லை.

என்னைக் கேட்டால் நான் பாலத்தின் பக்கம்தான். 40 எண்ட இலக்கம் திரையில் இருப்பதால் மட்டும் நாங்கள் வளர்ந்துவிட்டோம் எண்டு நம்ப ஏலாது. அதை நிரூபிக்க, எங்களை அடித்த அதே எலும்புக்கூடு அதே இடத்தில், அதே பலத்தோடு நிற்க வேணும். அதுவும் எங்களோட சேர்ந்து வளர்ந்திருந்தால், முப்பது மணித்தியாலம் ஓடினதுக்கு என்ன அடையாளம் மிஞ்சும்?

அடுத்த முறை ஒரு ஓப்பன் வேர்ல்ட் கேமில் பாதித் தூரம் வந்ததும், முதன்முதலாக உங்களை விழுத்தின இடத்துக்கு ஒருக்கா திரும்பிப் போய்ப் பாருங்கோ. அங்க நிற்கிறவன் பழைய ஆள்தானா, இல்லை உங்களுக்காகப் புதுக் கவசம் வாங்கிப் போட்டிருக்கிறானா எண்டு.