முயலை நம்பாத எண்பது வருஷம்

"கொலஸ்ட்ரோல் கூட" எண்டு ரிப்போர்ட் வந்தாலும், "எனக்கு ஒண்டும் செய்யேல்லையே" எண்டு சொல்லுற பெரியாக்கள் எங்கட வீடுகளில நிறையப் பேர். அவையளை மட்டும் குறை சொல்ல ஏலாது. மருத்துவ உலகமே இதை நம்ப எண்பது வருஷம் எடுத்தது.

1913, ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரம். நிக்கொலாய் அனிச்கொவ் என்ற இளம் ஆய்வாளர், தூய கொலஸ்ட்ரோலை சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்குக் கொடுத்தார். அவற்றின் நாடிச் சுவர்களில், மனிதரின் நாடிகளில் காணப்படுவது போன்ற கொழுப்புப் படிவுகள் உண்டாகின. வெறும் எண்ணெய் மட்டும் குடித்த முயல்களுக்கு அப்படி எதுவும் வரவில்லை.

ஆனால் எலிகளிலும் நாய்களிலும் இந்தச் சோதனை சரிவரவில்லை. "முயல் புல் தின்னுற பிராணி, அதை வச்சு மனுசனைப் பற்றிச் சொல்லலாமோ?" என்று ஒதுக்கிவிட்டார்கள். உண்மையில் எலியின் உடல் கூடுதல் கொலஸ்ட்ரோலைப் பித்த அமிலமாக மாற்றிவிடும். அதனால் அதன் குருதியில் அளவு பெரிதாக ஏறாது. எவ்வளவு தின்றது என்பதல்ல, குருதியில் எவ்வளவு நிற்கிறது என்பதே விஷயம்.

1948இல் அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் என்ற ஊரில் 5209 பேரைத் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கினார்கள். கொலஸ்ட்ரோல் கூடியவர்களுக்கு இதயநோயும் கூட வந்தது. சரி, குறைச்சா உயிர் தப்புமா? அந்தக் கேள்வி மிஞ்சியது.

ஜப்பானில் அக்கிரா எண்டோ ஆயிரக்கணக்கான பங்கசுகளைச் சோதித்து, 1973இல் ஈரல் கொலஸ்ட்ரோல் தயாரிப்பதைத் தடுக்கும் பொருளொன்றைக் கண்டுபிடித்தார். ஸ்டாட்டின் மாத்திரைகளின் தொடக்கம் அதுதான். 1994இல் ஸ்கண்டிநேவிய நாடுகளின் 4444 இதயநோயாளரிடம் செய்த ஆய்வு வெளிவந்தது. ஏறத்தாழச் சம அளவான இரு குழுக்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 256 பேர் இறந்தார்கள், ஸ்டாட்டின் எடுத்தவர்களில் 182 பேர்.

ஏன் இவ்வளவு காலம்? ஒரு காரணம், இது நோகாத நோய். எல்டிஎல் எனப்படும் கொலஸ்ட்ரோல் நாடிச் சுவருக்குள் வருஷக்கணக்காகச் சத்தமில்லாமல் படியும். ஒருநாள் அந்தப் படிவு வெடிக்கும், அதன்மேல் குருதி உறையும், வழி அடைபடும். அதுதான் பெரும்பாலான மாரடைப்பு. அதுவரை உடம்பு ஒண்டும் சொல்லாது. ரிப்போர்ட்டில் உள்ள அந்த இலக்கம் மட்டும்தான் சொல்லும். ஆகவே "சுகமாத்தானே இருக்கிறன்" எண்டு மாத்திரையைத் தாங்களாக நிப்பாட்டுறவைக்கு இந்த முயல் கதையைச் சொல்லுங்கோ. நிப்பாட்டுறதெண்டா டொக்டரோட கதைச்சுப்போட்டு முடிவெடுக்கட்டும்.