குரலாகத் திரும்பி வந்த அரக்கன்

நம்ம ஊரில் சூரபத்மன் வருஷா வருஷம் செத்துக் கொண்டே இருக்கிறான். ஐப்பசி கந்த சஷ்டி வந்தால் போதும், யானைமுகம், சிங்கமுகம் என்று தலையை மாற்றி மாற்றி வருவான். நாமும் கடலை கொறித்துக் கொண்டே வேடிக்கை பார்ப்போம். யாருக்கும் பயம் கிடையாது. பழகிப் போன அரக்கனிடம் இதுதான் சங்கடம்!

இதே சங்கடம் இங்கிலாந்தில் ஒரு இரும்பு அரக்கனுக்கும் வந்தது. அவன் பெயர் டாலெக். அவனை மீட்டது டி.வி. இல்லை, சினிமா இல்லை, வெறும் ஒலி நாடகம்.

முன்கதை கொஞ்சம். பி.பி.சி.யின் 'டாக்டர் ஹூ' தொடர் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. (அதன் முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர். இதை நம்மவர்கள் அதிகம் சொல்லிக் கொள்வதில்லை.) தொடரை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான சிட்னி நியூமனுக்குப் பூச்சிக்கண் அரக்கர்கள் என்றாலே ஆகாது. அப்படி எதுவும் வரக்கூடாது என்பது அவர் கண்டிப்பு. ஆனால் அதே டிசம்பரில் டெர்ரி நேஷன் எழுதிய இரண்டாவது கதையில் டாலெக் வந்து விட்டது. தன் இனத்தைத் தவிர மற்ற எல்லாம் அழிய வேண்டும் என்று நினைக்கும் ஜந்து அது. நேஷன் மனதில் இருந்தது நாஜிகள். உலகப் போர் முடிந்து பதினெட்டே வருஷம், பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அதன் உருவத்தை வடிவமைத்தவர் ரேமண்ட் குசிக். பின்னால் பொம்மைகள் விற்ற பணத்தில் நேஷனுக்குப் பங்கு கிடைத்தது. குசிக் சம்பளக்காரர் என்பதால் ஒரு சின்ன ஊக்கத்தொகையோடு சரி. அநியாயம்தான்.

டாலெக்கின் உயிரே அதன் குரல்தான். பிரையன் ஹாட்ஜ்சன் என்ற ஒலிக் கலைஞர் 'ரிங் மாடுலேட்டர்' கருவி வழியாக நடிகரின் குரலை அனுப்பினார். விஷயம் எளிமையானது. குரலின் அலையை இன்னொரு தாழ்ந்த அலையால் (சுமார் 30 ஹெர்ட்ஸ்) பெருக்குகிறது இந்தக் கருவி. 200 ஹெர்ட்ஸ் ஒலி உள்ளே போனால் 230ம் 170ம் வெளியே வரும், அசல் 200 காணாமல் போய்விடும். மனிதக் குரல் மாதிரியே இருக்கும், ஆனால் மனிதன் இருக்க மாட்டான். எங்கள் மண்ணூர்பேட்டை பக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட் பட்டறைகளின் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு எந்திரம் பேசினால் எப்படி இருக்கும் என்று சொல்லித் தர வேண்டாம்!

வருஷங்கள் போகப் போக டாலெக் கேலிப்பொருள் ஆனது. மிட்டாய், பொம்மை, கார்ட்டூன் எல்லாவற்றிலும் வந்தது. "உலகத்தையே பிடிக்கப் போகிறதாம், ஆனால் மாடிப்படி ஏறத் தெரியாதாம்" என்று ஜோக். 1988ல் தொடரிலேயே அது படியேறிக் காட்டியும் ஜோக் போகவில்லை. 1989 டிசம்பரில் தொடரே நின்று போனது.

பத்து வருஷம் கழித்து, 1999 ஜூலையில், பிக் ஃபினிஷ் என்ற நிறுவனம் பழைய நடிகர்களையே வைத்து டாக்டர் ஹூ ஒலி நாடகங்களை வெளியிட ஆரம்பித்தது. நம் வானொலி ஒலிச்சித்திரம் போல என்று நினைத்து விடாதீர்கள். ஒலிச்சித்திரம் என்பது ஏற்கெனவே எடுத்த சினிமாவின் வசனத்தைச் சுருக்குவது. இது காதுக்காகவே எழுதப்பட்டது. 2000 ஏப்ரலில் மைக் டக்கர் எழுதிய 'தி ஜெனோசைட் மெஷின்' வந்தது, அதில் டாலெக்கும் திரும்பி வந்தது. குரல் கொடுத்தவர், இயக்கியவர் இருவருமே நிக்கோலஸ் பிரிக்ஸ்தான். பிரபஞ்சத்தின் அறிவையெல்லாம் சேர்த்து வைத்திருக்கும் ஒரு நூலகக் கிரகம். அதைக் கைப்பற்ற டாலெக்குகள் பதுங்கிக் காத்திருக்கின்றன. கேட்கிறவனுக்கு உருவம் தெரியாது, மாடிப்படியும் தெரியாது. இருட்டில் அந்தக் குரல் மட்டும்! இன்னொரு அதிர்ச்சியும் உண்டு. அந்த அறிவெல்லாம் சேமிக்கப்பட்டிருக்கும் திரவம் வெறும் திரவம் இல்லை, அடைத்து வைக்கப்பட்ட அந்த மண்ணின் உயிர்கள். நூலகம் நல்லது, அரக்கன் கெட்டவன் என்ற கணக்கு அங்கேயே உடைகிறது.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது 2003 ஜனவரியில் ராப் ஷியர்மன் எழுதி வந்த 'ஜூபிலி'. அதில் வரும் இங்கிலாந்து வேறு இங்கிலாந்து. 1903ல் டாலெக்குகளைத் தோற்கடித்து, அந்த வெற்றியின் நூற்றாண்டைக் கொண்டாடுகிறது. டாலெக் படங்கள், டாலெக் பானம், ஊரெல்லாம் சிரிப்பு. லண்டன் கோபுரச் சிறையில் மட்டும் ஒரே ஒரு நிஜ டாலெக், நூறு வருஷமாகச் சித்திரவதைப்பட்டுக் கிடக்கிறது. விழாவின் உச்சமாக அதைக் கொல்லப் போகிறார்கள். அதனிடம் போய்ப் பேசுகிறவர் ஈவ்லின் என்ற வரலாற்று ஆசிரியை. பேசப் பேச, கொண்டாடுகிற அந்தப் பேரரசுதான் டாலெக்கின் புத்தியை முழுசாக வாங்கிக் கொண்டிருக்கிறது என்பது வெளிப்படுகிறது. வென்றதைக் கொண்டாடினார்களே தவிர எதை வென்றோம் என்பதை மறந்து விட்டார்கள். நாஜிகளை நினைத்துப் பிறந்த பாத்திரம் பொம்மைக் கடைக்குப் போய்ச் சேர்ந்ததைப் பற்றி இதைவிடக் கூர்மையாக யாரும் எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை.

வானொலிக்கும் வேற்றுக்கிரக அரக்கனுக்கும் உறவு பழையது. 1938 ஜூன் 16 அன்று சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் தொடங்கியது. அதே வருஷம் அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் ஆர்சன் வெல்ஸ் 'உலகங்களின் போர்' நாடகத்தை ஒலிபரப்பினார். நாடே பீதியில் ஓடியது என்ற கதை பெரும்பாலும் பத்திரிகைகள் ஊதியது என்று இப்போது ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இருந்தாலும் சிலர் பயந்தது நிஜம். நம் வானொலியில் புராண நாடகமும் சமூக நாடகமும் ஏராளம். அறிவியல் புனைவில் நம் மனதில் நின்றது சுஜாதாவின் ஜீனோ என்ற எந்திர நாய், அதுவும் பத்திரிகைத் தொடரிலும் தூர்தர்ஷனிலும்தான். (டாக்டர் ஹூவிலும் 1977லிருந்து ஒரு எந்திர நாய் உண்டு!) ஜீனோ திரும்பி வந்ததும் 'மீண்டும் ஜீனோ' என்று எழுத்தில்தான்.

2005ல் பி.பி.சி. தொடரை மறுபடி தொடங்கியபோது டாலெக்கைத் திரும்பக் கொண்டு வரும் பொறுப்பை ஷியர்மனிடமே கொடுத்தார்கள். ஏப்ரல் 30 அன்று 'டாலெக்' ஒளிபரப்பானது. கரு 'ஜூபிலி'யிலிருந்து வந்ததுதான்: சிறைப்பட்ட ஒற்றை டாலெக், அதனிடம் பேசும் ஒரு பெண். குரல் அதே பிரிக்ஸ். அந்தக் கதையிலும் ஒருவன் மாடிப்படியில் ஏறி நின்று டாலெக்கைக் கிண்டல் செய்வான். அது ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மெதுவாக மேலே எழும்பும்.