கரிங்டன் பிரபு: பதவி விலகலால் நினைவுகூரப்படும் அமைச்சர்

பிரிட்டனின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் பீட்டர் கரிங்டன், 1919ஆம் ஆண்டு பிரபுக் குடும்பமொன்றில் பிறந்தவர். தந்தை இறந்ததையடுத்து, 1938இல் ஆறாவது கரிங்டன் பிரபு ஆனார். இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படை அதிகாரியாகப் போரிட்டு மிலிட்டரி கிராஸ் பதக்கம் பெற்றார்.

மக்களவைக்கு ஒருபோதும் தேர்ந்தெடுக்கப்படாத அவர், சர்ச்சில் முதல் மார்கரட் தாட்சர் வரையிலான கன்சர்வேடிவ் பிரதமர்கள் அனைவரின் கீழும் பதவி வகித்தார். 1979இல் லண்டன் லங்காஸ்டர் மாளிகையில் அவர் தலைமையில் நடந்த பேச்சுவார்த்தையே ரொடீசியப் போரை முடிவுக்குக் கொண்டுவந்து, ஜிம்பாப்வேயின் சுதந்திரத்துக்கு வழிவகுத்தது. அவரது ஆகப்பெரிய சாதனை அதுவே எனலாம்.

1982 ஏப்ரல் 2ஆம் தேதி ஃபாக்லாந்து தீவுகளை ஆர்ஜண்டினா கைப்பற்றியது. சொந்தக் கட்சியினரே வெளியுறவுத் துறையைச் சாடினர். பிரபுக்கள் சபை உறுப்பினரான அவரால் மக்களவையில் எழுந்து பதிலளிக்கவும் இயலவில்லை. தாட்சர் தடுத்தும் கேளாமல், மூன்றே நாட்களில் பதவி விலகினார். படையெடுப்புக்கு அரசைக் குறைகூற முடியாது என்று ஃபிராங்ஸ் விசாரணைக் குழு 1983இல் கூறியது. ஆயினும், அமைச்சர் பொறுப்பேற்பது குறித்த விவாதங்களில் இன்றும் சுட்டப்படுவது அவரது விலகல்தான்.

பின்னர் 1984 முதல் 1988 வரை நேட்டோ தலைமைச் செயலராகப் பணியாற்றினார். யூகோஸ்லாவியா குறித்த அவரது சமரச முயற்சி பலிக்கவில்லை. 2018 ஜூலையில், 99ஆவது வயதில் காலமானார்.