250 டாலர் 90 சென்ட் யாருக்குச் சொந்தம்?

"மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்" என்று ஊரில் ஒருவரைப் பற்றிச் சொன்னால், அதோடு கதை முடிந்தது என்றுதான் அர்த்தம். ஆனால் கடுதாசி கொடுத்த பிறகுதான் ஒரு சுவாரசியமான கேள்வி ஆரம்பிக்கிறது. சம்பளத்தில் அதிகமாகப் பிடித்த வருமான வரி திரும்பி வந்தால், அது யார் பணம்? உழைத்தவருடையதா, கடன் கொடுத்தவர்களுடையதா?

அமெரிக்காவில் இதை உச்ச நீதிமன்றம் வரைக்கும் கொண்டு போயிருக்கிறார்கள். கொஞ்ச நாளாக அந்தத் தீர்ப்புகளைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் பின்னணி. அங்கே 1898-இல் வந்த திவால் சட்டம் எண்பது வருஷம் ஓடியது. மனு போடும் நாள்தான் அதில் கோடு. அன்றைக்கு இருக்கும் சொத்து டிரஸ்டி கைக்குப் போகும். அவர் அதைக் காசாக்கிக் கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். அதற்குப் பிறகு சம்பாதிப்பது மனு போட்டவருக்கே. பழைய பாரம் இல்லாமல் அவர் புதுக்கணக்குத் தொடங்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

இந்தச் சட்டம் எழுதியபோது ரீஃபண்ட் பற்றி யாரும் யோசித்திருக்க முடியாது. 1898-இல் அங்கே மத்திய அரசின் வருமான வரியே கிடையாது. அது நிலைத்தது 1913-இல். சம்பளத்திலேயே வரியைப் பிடிக்கும் இன்றைய முறை 1943-இல் வந்தது. அப்புறம்தான் சாதாரணத் தொழிலாளிக்கும் ரீஃபண்ட் என்பது வருஷா வருஷம் வரும் விஷயமாச்சு.

முதல் வழக்கு, 1966-இன் சீகல் எதிர் ரோஷெல். வியாபாரத்தில் நொடித்தவர்கள் 1961 செப்டம்பரில் மனு போட்டார்கள். அந்த வருஷ நஷ்டத்தை முந்தைய வருஷ லாபத்தில் கழித்து, கட்டிய வரியைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் வருஷம் முடிந்தால்தான் கேட்க முடியும். "மனு போட்ட அன்று அந்த உரிமையே பிறக்கவில்லையே" என்பது அவர்கள் வாதம். நீதிபதி ஹார்லன் ஒத்துக்கொள்ளவில்லை. வரி கட்டியதும் நஷ்டம் வந்ததும் மனுவுக்கு முன்னால். வேர் அங்கே இருப்பதால் பணம் டிரஸ்டிக்கு.

1970-இல் லைன்ஸ் எதிர் ஃப்ரெடரிக். இங்கே சேர்ந்திருந்த விடுமுறைச் சம்பளம் யாருக்கு என்று கேள்வி. அதுவும் மனுவுக்கு முந்தைய உழைப்புதான். ஆனாலும் அது கூலி, விடுமுறை நாட்களில் குடும்பம் சாப்பிட வேண்டிய பணம் என்று சொல்லித் தொழிலாளியிடமே விட்டார்கள்.

அப்போ சம்பளத்தில் பிடித்த வரி? அதுவும் கூலிதானே? 1974-இன் கோகோஷ்கா எதிர் பெல்ஃபோர்ட் வழக்கில் வந்தது இதுதான். சம்பளம் தவிர வேறு வருமானம் இல்லாத ஒருவர் 1972 ஜனவரியில் மனு போடுகிறார். வரவேண்டிய ரீஃபண்ட் 250 டாலர் 90 சென்ட். தலைமை நீதிபதி பர்கர் எழுதிய தீர்ப்பு ஒருமனதானது: முழுத் தொகையும் டிரஸ்டிக்கு. சம்பள ஜப்திக்கு 25 சதவீத உச்சவரம்பு வைத்த 1968-ஆம் வருஷச் சட்டமும் உதவவில்லை. வாரா வாரம் குடும்பத்தை ஓட்டும் கூலிக்குத்தான் அந்தப் பாதுகாப்பாம். மொத்தமாக வரும் ரீஃபண்டுக்கு இல்லையாம்.

எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். அதே பணம் வரியாகப் பிடிபடாமல் வாரா வாரம் கைக்கு வந்திருந்தால், வாடகையும் சாப்பாடுமாகக் கரைந்திருக்கும். அரசாங்கத்திடம் கொஞ்ச நாள் தங்கிவிட்டு வந்ததால், கூலி சொத்தாக மாறிவிட்டது!

இந்த முடிச்சை ஓரளவு அவிழ்த்தது 1978-இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த புதுச் சட்டம். அது ரீஃபண்டைச் சொத்துக் கணக்கிலேயே வைத்தது. ஆனால் மத்திய விலக்குப் பட்டியலில், எந்தச் சொத்துக்கும் பயன்படுத்தக்கூடிய 400 டாலரும் இருந்தது (இந்தப் பட்டியல் வேண்டாம் என்று ஒதுக்க மாநிலங்களுக்கு உரிமை உண்டு). 250 டாலர் 90 சென்ட் அதற்குள் தாராளமாக அடங்கும். சட்டம் நடைமுறைக்கு வந்தது 1979 அக்டோபரில். தீர்ப்பு வந்து ஐந்து வருஷம் கழித்து!

வருஷத்தின் நடுவில் மனு போட்டால்? பல நீதிமன்றங்கள் நாள் கணக்கில் பிரிக்கின்றன. ரீஃபண்ட் 2,000 டாலர், மனு சரியாகப் பாதி வருஷத்தில் என்றால், 1,000 பழைய கணக்கில் சேரும். மீதி 1,000 அவருக்கு.

கோடு என்னவோ தேதியில்தான். ஆனால் கூலி எப்போது சொத்தாகிறது என்பதைக் காலண்டரை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியுமா என்ன?