அறிக்கை மென்பொருள்களும் தரவுத்தள நுழைவுச் சான்றுகளும்: ஒரு வரலாறு

தரவுத்தள நுழைவுச் சான்று என்பது ஒரு தரவுத்தளத்துக்குள் செல்ல விரும்புபவர் அதற்கு அனுமதி பெற்றவர்தான் என்பதைக் காட்டும் விவரமாகும். பெரும்பாலும் இது ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சேர்ந்ததாக இருக்கும். வணிக அறிக்கை மென்பொருள் என்பது ஒரு நிறுவனத்தின் தரவுத்தளத்திலிருந்து விற்பனை, இருப்பு, வரவு செலவு முதலியவற்றை எடுத்து அட்டவணையாகவும் வரைபடமாகவும் காட்டுவதாகும். ஆள் இல்லாத நள்ளிரவிலும் அது தரவுத்தளத்தைத் திறந்து படிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே அதனிடமும் ஒரு சாவி இருந்தாக வேண்டும். அந்தச் சாவி எந்த அறையைத் திறக்கலாம், அதை எங்கே வைப்பது, அது யார் பெயரில் இருக்க வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தேடியதே இத்துறையின் வரலாறு.

கணினிக்கு முந்தைய வழக்கம்

இக்கேள்விகள் கணினியோடு பிறந்தவை அல்ல. திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலில் பௌர்ணமி கழிந்தபின் உண்டியல் திறந்து எண்ணப்படுகிறது. அந்தத் தொகை நாளிதழ்களில் வெளியாகிறது. தொகையைப் படித்துத் தெரிந்துகொள்பவருக்கு உண்டியலின் சாவி தேவையில்லை. பொதுத்தேர்வு வினாத்தாள்கள் கட்டுக்காப்பு மையத்தில் இரட்டைப் பூட்டுக்குள் வைக்கப்படுகின்றன. யார் முன்னிலையில், எப்போது அறை திறக்கப்பட்டது என்பது பதிவேட்டில் எழுதப்படுகிறது. கணக்கைப் பார்ப்பது வேறு, பெட்டியைத் திறப்பது வேறு என்பதும், திறந்தவர் பெயர் பதிவாக வேண்டும் என்பதும் நம் அலுவலகங்கள் நன்கறிந்த நெறிகள். கணினி உலகம் இவ்விரண்டையும் மெதுவாகவே கற்றுக்கொண்டது.

கடவுச்சொல்லின் தொடக்கம்

ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையை அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் 1961இல் செய்து காட்டினர். ஒவ்வொருவரின் கோப்புகளையும் பிரித்துக் காக்க அங்கே கடவுச்சொல் பயன்பட்டது. 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதாமல், கடவுச்சொல் கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். 1966இல் இரண்டு கோப்புகள் தவறுதலாக இடம் மாறியதால், உள்ளே நுழைந்த அனைவரின் முனையத்திலும் வரவேற்புச் செய்திக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் தோன்றின.

இதற்கு ஒரு தீர்வை ராபர்ட் மோரிசும் கென் தாம்சனும் 1979இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினர். கடவுச்சொல்லை அப்படியே சேமிக்காமல், திரும்பப் பெற முடியாத வேறு வடிவமாக மாற்றிச் சேமிப்பதே அது. ஆனால் இந்தத் தீர்வு அறிக்கை மென்பொருளுக்குப் பொருந்தாது. பூட்டின் பக்கம் இருப்பவர் சாவியின் அடையாளத்தை மட்டும் வைத்திருந்தால் போதும். திறக்க வருபவர் கையிலோ சாவியே இருக்க வேண்டும். அறிக்கை மென்பொருள் திறக்க வருபவரின் இடத்தில் இருக்கிறது. எனவே மூலக் கடவுச்சொல்லை மீட்டெடுக்கக்கூடிய வடிவில் எங்கோ ஓரிடத்தில் வைத்தே ஆக வேண்டியிருந்தது. இத்துறையின் தீராத சிக்கல் இதுவே.

உரிமையைப் பிரித்து வழங்குதல்

ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட் 1970இல் உறவுமுறைத் தரவுத்தளக் கோட்பாட்டை வெளியிட்டார். 1975இல் ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் ஆகிய இருவரும் ஒவ்வொரு பயனருக்கும் நிரலுக்கும் வேலைக்குத் தேவையான குறைந்த அளவு உரிமையே தரப்பட வேண்டும் என்ற நெறியை எடுத்துரைத்தனர். 1976இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் பாட்ரிசியா கிரிஃபித்ஸ், பிராட்ஃபோர்ட் வேட் ஆகியோர் தரவுத்தளத்தில் உரிமையை வழங்கவும் திரும்பப் பெறவும் வழிவகுக்கும் முறையை விளக்கினர். இன்றும் எஸ்கியூஎல் மொழியில் உள்ள கிராண்ட், ரிவோக் என்ற கட்டளைகள் அவ்வழி வந்தவை. இவற்றால் ஒருவருக்குப் பார்க்கும் உரிமையை மட்டும் தந்து, திருத்தும், அழிக்கும் உரிமைகளைத் தராமல் இருக்கலாம். அதாவது, அறிக்கை மென்பொருளுக்குத் தனிச் சாவி செய்து கொடுக்கும் வழி, அம்மென்பொருள்கள் பரவுவதற்கு முன்பே கிடைத்துவிட்டது.

அறிக்கை மென்பொருள்களின் பரவல்

பிரான்சில் 1990இல் பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. எந்த மென்பொருளும் எந்தத் தரவுத்தளத்தோடும் இணைய உதவும் ஓடிபிசி என்ற பொது இடைமுகத்தை மைக்ரோசாப்ட் 1992இல் வெளியிட்டது. நிரலர் அல்லாத கணக்கரும் மேலாளரும் தாமே அறிக்கை தயாரிக்க முடிந்தது. ஆனால் இணைப்பு விவரங்கள் ஒவ்வொருவர் மேசைக் கணினியிலும் கோப்புகளாகத் தங்கின. அவசரத்துக்கு நிர்வாகியின் கடவுச்சொல்லையே அறிக்கைக்கும் கொடுப்பது பல இடங்களில் பழக்கமாயிற்று.

மென்பொருளுடன் வந்த முன்னிருப்புச் சான்றுகளை மாற்றாமல் விடுவதும் நடந்தது. ஆரக்கிள் தரவுத்தளம் கற்ற மாணவர் பலருக்கு ஸ்காட் என்ற பயனர் பெயரும் டைகர் என்ற கடவுச்சொல்லும் நினைவிருக்கும். பயிற்சிக்காகத் தரப்பட்ட அந்தக் கணக்கு, ஆரக்கிளின் தொடக்ககால ஊழியர் புரூஸ் ஸ்காட்டின் பெயரைத் தாங்கியது. 2002 மே மாதத்தில் ஸ்பைடா என்ற கணினிப் புழு பரவியது. மைக்ரோசாப்ட் தரவுத்தள வழங்கிகளில் தலைமை நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் வெற்றாக விடப்பட்ட கணினிகளைத் தேடி அது உள்ளே நுழைந்தது.

தமிழ்நாட்டில்

இந்திய அரசின் தேசியத் தகவலியல் மையம் 1976இல் நிறுவப்பட்டது. பின்னர் அதன் கிளைகள் மாவட்டத் தலைமையகங்கள்தோறும் அமைந்தன. திருவண்ணாமலை மாவட்டம் 1989 செப்டம்பர் 30 அன்று உருவானது; அதன் ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் உள்ளது. 2000ஆம் ஆண்டு முதல் பதிவுத் துறையில் ஸ்டார் திட்டத்தின் வழியாகச் சார்பதிவாளர் அலுவலகங்கள் கணினிமயமாயின. வில்லங்கச் சான்றுக்கு ஏடுகளைப் புரட்டிய நிலை மாறித் தரவுத்தளத்தில் தேடும் நிலை வந்தது. பதிவறையின் சாவிக்கு இருந்த மதிப்பு அத்தோடு கடவுச்சொல்லுக்கும் சேர்ந்தது.

தனியார் துறையில், 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009இல் சோகோ எனப் பெயர் மாறிய நிறுவனம் குறிப்பிடத்தக்கது. அதன் இணையவழி அறிக்கை மென்பொருள் சோகோ ரிப்போர்ட்ஸ் என வழங்கி, 2018இல் சோகோ அனலிடிக்ஸ் ஆயிற்று. வாடிக்கையாளரின் அலுவலகத்துக்குள் நிறுவப்படும் ஓர் இடைநிலை மென்பொருள், உள்ளிருக்கும் தரவைப் படித்து வெளியே அனுப்பும் வசதி இதில் உண்டு. இதனால் தரவுத்தளத்தின் வாசலை இணையத்துக்கு நேராகத் திறந்து வைக்க வேண்டியதில்லை. கடவுச்சொற்களைப் பாதுகாத்துப் பகிர்வதற்காகச் சோகோ வால்ட் என்ற தனிச் சேவையையும் அந்நிறுவனம் வழங்குகிறது.

மேகக் கணிமைக் காலத்தின் பாடங்கள்

2016இல் ஊபர் நிறுவனத்தின் நிரல் களஞ்சியத்தில் எழுதி வைக்கப்பட்டிருந்த நுழைவுச் சான்றைத் திருடர்கள் கண்டெடுத்தனர். அதன்மூலம் 5.7 கோடிப் பேரின் விவரங்கள் அவர்கள் கைக்குச் சென்றன. 2024 ஏப்ரலில் சைசென்ஸ் என்ற அறிக்கை மென்பொருள் நிறுவனத்தின் அமைப்புக்குள் அந்நியர் நுழைந்தனர். அதில் சேமித்திருந்த சான்றுகள் அனைத்தையும் மாற்றுமாறு அதன் வாடிக்கையாளர்களை அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமை கேட்டுக்கொண்டது. பல நிறுவனங்களின் சாவிகள் ஒரே ஆணியில் தொங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. அதே ஆண்டில் ஸ்னோஃபிளேக் தரவுக் கிடங்கின் வாடிக்கையாளர் கணக்குகள் தாக்கப்பட்டன. பூட்டு உடைக்கப்படவில்லை, திருட்டுப்போன சாவிகளே பயன்பட்டன. அவற்றுள் சில 2020ஆம் ஆண்டிலேயே களவு போயும் மாற்றப்படாமல் இருந்தவை.

சட்டமும் பொறுப்பும்

இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் அமைப்பு வெளியிட்ட ஆணைப்படி, இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணினி அமைப்புகளின் நிகழ்வுப் பதிவுகளை 180 நாட்கள் காக்க வேண்டும். எனினும் ஐந்து பேர் ஒரே கணக்கில் நுழைந்தால், 180 நாள் பதிவிலும் ஒரே பெயர்தான் இருக்கும். யார் பார்த்தார் என்பது தெரியாது. செய்யாதவர் மீதும் பழி விழலாம். கடவுச்சொல்லைப் பகிர்வதில் உள்ள பெரிய ஆபத்து இதுவே.

இன்றைய நடைமுறை

அறிக்கை மென்பொருளுக்கெனத் தனிக் கணக்கு தொடங்கி, தேவையான அட்டவணைகளைப் பார்க்கும் உரிமையை மட்டும் தருவது முதல் நெறி. மூலத் தரவுத்தளத்துக்குப் பதிலாக அதன் நகலோடு இணைப்பது இரண்டாவது. கடவுச்சொல்லை நிரலிலோ கோப்பிலோ எழுதாமல் மறையாக்கம் செய்த பெட்டகத்தில் வைத்து, தேவைப்படும்போது மட்டும் பெறுவது மூன்றாவது. 2015இல் வெளியான ஹாஷிகார்ப் வால்ட் போன்ற பெட்டகங்கள், சில மணி நேரமே செல்லுபடியாகும் சான்றுகளையும் உருவாக்கித் தருகின்றன.

நான்காவது நெறிக்குத் தொழில்நுட்பம் தேவையில்லை. அலுவலர் ஒருவர் மாறுதலில் செல்லும்போது பீரோ சாவிகள் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் எழுதப்பட்டுக் கையொப்பம் பெறப்படுகின்றன. அவர் அறிந்திருந்த கடவுச்சொற்கள் பட்டியலில் இடம்பெறுவது அரிது. எந்த அறிக்கை எந்தக் கணக்கில் இயங்குகிறது, அக்கணக்குக்கு யார் பொறுப்பு என்பதை அதே பட்டியலில் சேர்க்க வேண்டும். கடவுச்சொல்லை அதில் எழுதக் கூடாது. சென்றவர் அறிந்திருந்ததை அன்றே மாற்றிவிட வேண்டும்.