மருந்துப் பிழை இழப்பீடு (இந்தியா)

தவறான மருந்து, மிகையான அளவு, ஒவ்வாமையை விசாரிக்காமல் ஊசி போடுதல் போன்ற பிழைகளால் பாதிக்கப்பட்ட நோயாளியோ, அவர் இறந்துவிட்டால் வாரிசுகளோ சட்டப்படி கோரும் நிவாரணம். இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி. பி. சாந்தா வழக்கில் (1995) உச்ச நீதிமன்றம், கட்டணம் பெறும் மருத்துவ சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது எனத் தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் இதில் அடங்கா. அவற்றின்மீது உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம்.

மருத்துவரின் கவனக்குறைவையும் அதனால்தான் பாதிப்பு நேர்ந்தது என்பதையும் மனுதாரர் நிறுவ வேண்டும். மருந்தின் வழக்கமான பக்கவிளைவு மட்டும் போதாது. மருந்துச் சீட்டு, ரசீது, சிகிச்சைக் குறிப்புகள் முக்கியச் சான்றுகள். நோயாளி கேட்டால் சிகிச்சைப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி.

1998இல் கொல்கத்தாவில் ஸ்டீராய்டு அளவுக்கு மீறிச் செலுத்தப்பட்ட பெண் பின்னர் உயிரிழந்தார். அவ்வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சுமார் 6.08 கோடி ரூபாயை 6 விழுக்காடு வட்டியுடன் வழங்க ஆணையிட்டது.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் நுகர்வோர் ஆணையம் புகாரை ஏற்கலாம்.